பாலம் தாண்டினால் வரும் வாயு

செப்டம்பர் 14, ஞாயிறு

மாப்பிள்ளை நவநீதன் சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, சீட்டை என் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் கரடியைப் பற்றிச் சொன்னார். முதலில் கரடியைச் சொல்லியிருந்தால் சீட்டை இறக்கவே விட்டிருக்க மாட்டேன்.

"அது ஒண்ணும் பண்ணாது மாமா. எதிர்ல வந்துச்சுன்னா திரும்பி ஓடிடாதீங்க. கையைத் தூக்கிக்கிட்டு, சத்தமா ஏதாவது பேசிக்கிட்டே பின்பக்கமாவே காலெடுத்து வச்சு வந்துடுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். கரடியிடம் என்ன பேசுவது என்று சொல்லவில்லை.

நானும் மனைவி சொர்ணவல்லியும் பென்சில்வேனியா வந்து ஒரு வாரம் ஆகிறது. மகள் எழிலரசிக்கு ஏழாவது மாதம். இரண்டு தடவை கலைந்துபோய், கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து இப்போதுதான் ஒன்று நின்றிருக்கிறது. அதிலும் அவளுக்குப் பிரஷர் ஏறுகிறது. கட்டிலை விட்டு அதிகம் இறங்கக் கூடாது, பதற்றம் கூடவே கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. சொர்ணம் பெட்டியைத் திறக்கும் முன்பே அடுப்படியைப் பிடித்துவிட்டாள். எனக்கு ஒரு வேலையும் இல்லை. எங்கே நின்றாலும் யாருக்காவது குறுக்கே நிற்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால் காட்டுக்குள் ஒரு பாதை போகிறது. ஒரு காலத்தில் நிலக்கரி ரயில் ஓடிய தடமாம். ரயில் நின்றுபோன பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, தார் போட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டிருக்கிறார்கள். ஊர் என்று பார்த்தால் ஒரு சர்ச், ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பீட்சா கடை. அப்புறம் மரம்தான்.

எழில் உடம்பு நன்றாக இருந்தவரை தினமும் அதில் சைக்கிள் விட்டவள்.

"எனக்காகப் போய்ட்டு வாங்கப்பா. வந்து என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க. இந்த சீலிங்கையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன்."

நான் பயந்த சுபாவம். தாலுகா ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் கம்பவுண்டராக மருந்து கொடுத்தவன், ஊசி போடும்போது இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் அவள் கேட்ட பிறகு எப்படி மாட்டேன் என்பது.

செப்டம்பர் 15, திங்கள்

போய்விட்டு முழுசாக வந்துவிட்டேன்.

முதலில் ஒரு மரக் கேட். கார் உள்ளே வராமல் இருக்கப் போட்டது. அப்புறம் மலையைக் குடைந்த ஒரு குட்டிச் சுரங்கம். அப்புறம் ஓடையின் மேல் பழைய இரும்புப் பாலம். பாலம் தாண்டியதும் ஏற்றம். ரயில் ஏறிய ஏற்றம் என்பதால் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். ஏற்றத்தின் முடிவில் ஒரு குளமும் பெஞ்சும் இருப்பதாக எழில் சொன்னாள். அதுவரை போகவில்லை.

கரடிக்காக வாய்க்கு வந்ததைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன். வாய்க்கு வந்தது மருந்துப் பெயர்கள். பாராசிட்டமால், ஆம்பிசிலின், மெட்ரோனிடசோல் என்று வரிசையாகக் கத்திக்கொண்டு, நம் ஊர்ப் பழக்கத்தில் இடது ஓரமாகவே போய், எதிரே வந்த ஒரு வெள்ளைக்காரரின் நாய்மீது மோதப் பார்த்தேன். இங்கே வலது ஓரமாம். அவர் பெயர் வால்ட். எழுபதுக்கு மேல் இருக்கும். பாதையில் விழும் கிளைகளை எடுத்துப் போடுவதைத் தானாகவே வேலையாக வைத்திருக்கிறார். என்ன கத்தினாய் என்று கேட்டார். பிரார்த்தனை என்று சொல்லிவிட்டேன்.

பாலம் தாண்டியதும் நெஞ்சில் கொஞ்சம் அடைத்தது. காலையில் சாப்பிட்ட உளுந்தங்களி. வாயு. நின்றேன், போய்விட்டது.

எழிலிடம் நாயைப் பற்றிச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சொர்ணம் வந்து, "அவளைச் சிரிக்க வைக்காதீங்க" என்று என்னை வெளியே அனுப்பினாள்.

செப்டம்பர் 18, வியாழன்

பாலம். வாயு. ஓமவாட்டர் குடித்தேன்.

செப்டம்பர் 20, சனி

என் பிரஷர் மாத்திரையைப் போட்டால் அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கிறது. காட்டில் ஒதுங்கினால் இங்கே போலீஸ் வருமாம், மாப்பிள்ளை சொன்னார். ஆகவே சைக்கிள் விடும் நாளில் மாத்திரை இல்லை என்று வைத்துக்கொண்டேன். சைக்கிள் தினமும் விடுகிறேன்.

மாத்திரையை நிறுத்திவிட்டு வருபவர்களை மருந்துக் கவுண்டருக்குள் இருந்து நான் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. அது அவர்களுக்கு.

சாயங்காலம் மாப்பிள்ளை எங்கள் பயண இன்சூரன்ஸ் காகிதத்தைப் படித்தார். ஏற்கெனவே இருக்கும் வியாதி எதற்கும் கொடுக்க மாட்டார்களாம். "உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே மாமா" என்றார். ஒன்றும் இல்லை என்று தலையாட்டினேன்.

செப்டம்பர் 24, புதன்

இன்று பாலம் வரை போக வேண்டியிருக்கவில்லை. சுரங்கத்திலேயே வந்துவிட்டது.

சுரங்கம் எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. உள்ளே பகலிலும் இருட்டு. மேலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், சைக்கிள் சத்தம் நமக்குப் பின்னால் யாரோ வருவது போலக் கேட்கும். பாதி தூரம் போனபோது நெஞ்சை யாரோ முழங்கையால் அழுத்தியது மாதிரி இருந்தது. இறங்கிச் சுவரில் சாய்ந்தேன். சட்டை நனைந்துவிட்டது. மேலிருந்து சொட்டிய தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். இடது தோளும் வலித்தது. ஹேண்டில்பாரை அவ்வளவு கெட்டியாகப் பிடித்தால் வலிக்காமல் என்ன செய்யும். தாடை வலிக்குக் காரணம் கடைவாய்ப் பல்.

கவுண்டரில் நெஞ்சைத் தடவிக்கொண்டு "சார், கேஸு" என்று வருகிறவர்களை ஒரு கேள்வியில் பிரித்துவிடுவேன். ஏறும்போது வருதா, நின்னா போகுதா என்று கேட்பேன். ஆமாம் என்றால் மாத்திரை தர மாட்டேன், நேரே டாக்டர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போவேன். சிலர் அங்கே போய்ச் சேருவதற்குள்ளேயே விழுந்திருக்கிறார்கள்.

என்னுடையது அந்த ரகம் இல்லை. நான் வெண்பொங்கல் சாப்பிட்டிருந்தேன்.

பெட்டியில் சார்பிட்ரேட் பட்டை ஒன்று கிடந்தது. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காட்டுப்பாதை, யாருக்காவது தேவைப்படலாம்.

செப்டம்பர் 26, வெள்ளி

எழில் மத்தியானம் தூங்கும்போது அவளுடைய பிரஷர் மெஷினை எடுத்து எனக்குப் பார்த்தேன். அவள் காலையிலும் ராத்திரியும் பார்ப்பதற்காகக் கிளினிக்கிலிருந்தே கொடுத்தனுப்பியது. பாதரசம் கிடையாது, ரப்பர் பந்து கிடையாது. பட்டனைத் தொட்டால் தானே ஊதுகிறது, தானே இறங்குகிறது. எண்ணைக் காட்டிவிட்டு ஓரத்தில் ஒரு பச்சை அம்பு மின்னி அணைகிறது. அது எதற்கென்று தெரியவில்லை.

எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. திரையிலும் அழித்துவிட்டேன்.

இஞ்சிச் சாறு வேண்டும் என்று சொர்ணத்திடம் கேட்டேன். "தெனமும் என்னங்க ஒங்களுக்கு வயித்துல" என்று கேட்டுக்கொண்டே அரைத்தாள். என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். நான் இஞ்சியைப் பார்த்தேன்.

செப்டம்பர் 29, திங்கள்

கரடியைப் பார்த்தேன்.

காலையில் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழில் முகம் வீங்கியிருந்தது. "நேத்து சொன்ன அந்த செவப்பு மரம் முழுசா செவந்துருச்சான்னு பாத்துட்டு வாங்கப்பா" என்றாள். கிளம்பிவிட்டேன். கேட் வரை உருட்டிக்கொண்டு போனேன். ஏறி மெதுவாக மிதித்தேன். நடக்கிற ஒரு பெண் பிள்ளை என்னைத் தாண்டிப் போனாள், அவ்வளவு மெதுவாக.

சுரங்கத்துக்குள் நுழைந்ததும் வந்துவிட்டது. இந்தத் தடவை முழங்கை இல்லை, ஆள் மொத்தமும் ஏறி உட்கார்ந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். ஈரம். மூச்சு மேல்பாதியோடு நின்றது. பையிலிருந்து மாத்திரையை எடுக்க விரல் வரவில்லை. பல்லால் பட்டையைக் கிழித்து நாக்குக்கு அடியில் வைத்தேன்.

அப்போது சுரங்கத்தின் அந்தப் பக்கத்து வெளிச்சத்தை ஏதோ மறைத்தது. வால்ட்டின் நாய் என்று நினைத்தேன். அதன் பின்னால் இரண்டு குட்டிகள் உருண்டு வந்தன. நாய் இல்லை.

பெரிய உருவம். என் பக்கம் தலையைத் திருப்பி மூக்கைத் தூக்கியது. கையைத் தூக்க வேண்டும், சத்தமாகப் பேச வேண்டும், பின்னால் நடக்க வேண்டும். ஒன்றும் செய்யவில்லை. செய்யத் தோன்றவும் இல்லை. போகிற வழியில் போ, எனக்கு இங்கே வேறு வேலை இருக்கிறது என்பது போல அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குட்டிகளை முன்னால் விட்டு அது சரிவில் இறங்கிப் போய்விட்டது.

கரடி போன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. கரடிக்கு இல்லை. இந்தச் சுரங்கத்திலேயே முடிந்துபோயிருந்தால், சட்டைப் பையில் என் பெயர் எழுதிய காகிதம் கூட இல்லை. வால்ட் வந்து பார்த்து, பிரார்த்தனை செய்கிற ஆள் என்று மட்டும் போலீஸிடம் சொல்லியிருப்பார். போலீஸ் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கும். கட்டிலிலிருந்து எழில் எழுந்து வந்திருப்பாள். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கரடியைப் பற்றி விலாவாரியாகச் சொன்னேன். குட்டிகள், மூக்கு, எல்லாம். சுரங்கத்தில் நான் நின்றுகொண்டிருந்ததாகச் சொன்னேன்.

"ஒங்களுக்குப் பயமா இல்லையாப்பா?"

"என்ன பயம்? அது பாட்டுக்குப் போச்சு."

அவள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

மழை. போக வேண்டாம். இதைவிட நல்ல செய்தி இந்த மாதம் வரவில்லை.

அக்டோபர் 1, புதன்

இன்று சொல்லிவிடலாம் என்று சொர்ணம் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய் நின்றேன். அவள் திரும்பாமலே, "எழிலுக்குக் கால் வீக்கம் கொறையலங்க. இன்னும் கொஞ்ச நாளு ஒரு கொறையும் இல்லாமப் போயிட்டா போதும், வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்றாள்.

துண்டை எடுத்துப் பாத்திரத்தைத் துடைத்து வைத்தேன்.

குழந்தை பிறக்கட்டும். அப்புறம் சொல்கிறேன். அல்லது ஊருக்குப் போய்.

அக்டோபர் 2, வியாழன்

வெயில் வந்துவிட்டது. போகாவிட்டால் ஏன் என்பார்கள்.

கேட்டைத் தாண்டவில்லை. சைக்கிளை உருட்டும்போதே வந்துவிட்டது. மாத்திரை வைத்துக்கொண்டு கேட்டைப் பிடித்தபடி நின்றேன். அப்புறம் கார் ஷெட்டுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். வழக்கமாகத் திரும்பும் நேரம் வந்ததும் உள்ளே போய், குளத்தங்கரையில் இரண்டு மான்கள் தண்ணீர் குடித்ததாக எழிலிடம் சொன்னேன். அந்தக் குளத்தை நான் இதுவரை பார்த்ததே இல்லை. அவள் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.

மெஷினை எடுத்து வந்து பார்த்தேன். பாதரசமாக இருந்தால் குழாயின் உச்சிக்குப் போயிருக்கும். பயமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

மாப்பிள்ளையின் போன் அடிக்கிறது. ஏதோ பதறுகிறார். சொர்ணம் என்னைக் கூப்பிடுகிறாள். பிறகு எழுதுகிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆஸ்பத்திரி. இதயத்துக்குக் குழாய் விட்ட வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருப்பதால் எழுத்து கோணலாக வருகிறது. வியாழக்கிழமை நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

போன் பண்ணியது எழிலின் கிளினிக் நர்ஸ். பிரஷர் மிக அதிகமாக இருக்கிறது, ஒரு நிமிஷம் தாமதிக்காமல் பிரசவ வார்டுக்குக் கூட்டி வாருங்கள் என்றிருக்கிறார். தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பிக் காரில் ஏற்றினோம்.

"காலையில பாத்தப்போ நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள் எழில். உதடு வெளுத்திருந்தது.

"மெஷின்ல பாத்த ஒடனே அவங்களுக்கே போயிடும், எழில். ஏதோ ஏறியிருக்கு. போய்ப் பாத்துடலாம்" என்றார் மாப்பிள்ளை.

பச்சை அம்பு. காரில் அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் பிரஷர் இல்லை அது, என் பிரஷர். போன வாரம் எடுத்ததும் போயிருக்கும், அது போன் பண்ணும் அளவுக்கு ஏறவில்லை போலிருக்கிறது.

சொல்லியிருக்க வேண்டும். நான் முன் சீட்டில் இருந்தேன், திரும்பிச் சொன்னால் போதும். வாய் வரவில்லை. அங்கே போய் அவளுக்குப் பார்ப்பார்கள், சரியாக இருக்கும், மெஷினில்தான் கோளாறு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். சாலையில் ஒவ்வொரு சிக்னலிலும் அந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தேன்.

அங்கே அவளுக்குப் பார்த்தார்கள். அதிகமாக இருந்தது. இருக்காதா? தூக்கத்திலிருந்து எழுப்பி, பிள்ளைக்கு ஆபத்து என்று சொல்லி இழுத்து வந்தால் யாருக்குத்தான் ஏறாது. வயிற்றில் பட்டையைக் கட்டினார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. டாக்டர் அம்மா ஒருவர் வந்து மாப்பிள்ளையிடம் நிதானமாகப் பேசினார். மாப்பிள்ளை எங்களுக்குத் தமிழில் சொன்னார். வீட்டில் அவ்வளவு, இங்கேயும் இறங்கவில்லை. மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் இறங்காவிட்டால் இன்றைக்கே ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவார்கள். குழந்தையின் நுரையீரல் இன்னும் முழுசாக வளரவில்லை. சொல்லி முடிக்கும்போது அவர் குரல் உடைந்துவிட்டது.

எழில் என்னைப் பார்த்தாள். "அப்பா" என்றாள்.

இந்தப் பெண்ணுக்குப் பதற்றம் கூடாது என்றுதான் இத்தனை நாளும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பதற்றத்தை நானே கொண்டுவந்து அவள் வயிற்றின் மேல் வைத்திருக்கிறேன்.

"வீட்டுல எடுத்தது அவளுக்கு இல்ல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "அது எனக்கு எடுத்தது மாப்பிள்ளை. அவ தூங்கறப்ப மெஷினை எடுத்து நான் பாத்துக்கிட்டேன். அது என் பிரஷர்."

மாப்பிள்ளை அதை டாக்டரிடம் சொன்னார். அந்த அம்மா எழிலை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார்.

"நெஞ்சு வலி இருக்கான்னு கேக்கறாங்க மாமா."

வாயு என்றுதான் முதலில் வாயில் வந்தது. அதை முழுங்கினேன்.

"ஏறும்போது வருது. நின்னா போயிடும். இப்பல்லாம் நின்னாலும் போகல. இப்பவும் இருக்கு."

சொர்ணம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "இஞ்சி இஞ்சின்னு கேட்டீங்களே. நானும் அரைச்சு அரைச்சுக் குடுத்தேனே. ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

எனக்கு எழிலைப் பார்க்கத் தைரியமில்லை. இதைக் கேட்டு இன்னும் ஏறிவிடும், என்னால்தான் எல்லாம் கெட்டது என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"பயமா இருக்காப்பா?"

"ஆமாம்மா."

"ரொம்பவா?"

"ரொம்ப பயமா இருக்கு."

அவள் வயர்களைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உடம்பை மெதுவாக ஒரு பக்கம் நகர்த்திக் கட்டிலில் இடம் விட்டாள். "இங்க வந்து உக்காருங்க." உட்கார்ந்தேன். என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் ஊசி போடும்போது அவள் கையை நான் பிடித்துக்கொண்டது கிடையாது, வெளியே போய் நின்றுவிடுவேன். அவள் கை சூடாக இருந்தது. குழந்தையின் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நர்ஸ் வந்து அவளுக்கு மறுபடியும் பார்த்தார். ஊதி இறங்கியது. திரையைப் பார்க்க எனக்குத் தைரியமில்லாமல் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டார். "எறங்கிடுச்சு" என்றார். வீட்டில் எடுத்தது அவளுடையது இல்லை என்று ஆனதால் டாக்டரும் இன்றைக்கு ஒன்றும் வேண்டாம், இரண்டு நாள் இங்கேயே வைத்துப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். சொர்ணம் புடவைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அழுதேன். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதேன்.

அதற்குள் ஒரு ஆள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டிலருகே நிறுத்தி, எழிலைப் பார்த்தான். நர்ஸ் என்னைக் காட்டினார்.

"நான் நடந்தே வர்றேன், எனக்கு ஒண்ணும் இல்ல" என்று எழுந்தேன்.

"அப்பா" என்றாள் எழில். "உக்காருங்க."

உட்கார்ந்தேன்.